அக்கா சொல்லாத மேற்கோள்

1

அக்காவைக் கேட்டால், தங்கச்சி வெள்ளைக்காரன் ஊரில் புத்தகம் திருத்துகிறாள் என்பாள். இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். நான் எதையும் திருத்துவதில்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மேல்மாடியில், ஆய்விதழ் ஒன்றின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரும். வந்ததைத் திறந்து, இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, மதிப்பிடும் பேராசிரியர்களுக்கு அனுப்பி, அவர்கள் மறந்தால் நினைவூட்டி, மறுபடி மறந்தால் மறுபடி நினைவூட்டுவது என் வேலை. கொழுந்தைத் தரம் பார்த்து ஃபெக்டரிக்கு அனுப்புகிற மாதிரி என்று ஒருநாள் அக்காவுக்கு விளக்கினேன். "அப்ப நீ கணக்கப்பிள்ளை" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தை வீட்டில் பெரட்டு என்றுதான் சொல்வேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற அதே சங்கதிதான். இங்கே கோப்பி தருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருமுறை அலுவலகத்திலேயே வாய் தவறி, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். இதழாசிரியர் ஃபியோனா அர்த்தம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அவரும் பெரட்டு என்கிறார்.

எங்கள் தோட்டத்தின் பெயரிலேயே இந்த நாட்டில் ஒரு கிராமம் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பிறந்த இடத்தைப் பார்த்த அதிகாரி, நீங்கள் இங்கேயே பிறந்தவரா என்று கேட்டார். தொரைமார் தங்கள் ஊர்ப் பெயரை எங்கள் மலைக்கு வைத்துவிட்டுப் போன கதையை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பக்கத்து ஊர் உடப்புசல்லாவை என்று எழுதிக் காட்டினேன். மனிதர் அதை வாசிக்கவே முயலவில்லை.

மாசி மாதம் வந்தால் எனக்கு, ஒரு மாசியில் இறந்துபோன அக்காவின் குழந்தை ஞாபகம் வரும். இந்த மாசியில் அது ஞாபகமாக வரவில்லை. ஆங்கிலத்தில், ஆய்வுக் கட்டுரையாக, என் மேசைக்கே வந்தது.

2

கட்டுரை பிள்ளைக் காம்பராவைப் பற்றியது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். எழுதியவள் எங்கள் லயத்துப் பெண் தர்ஷினி. மதிப்பிடுகிறவர்களுக்குப் பெயர் தெரியாது, எனக்குத் தெரியும். பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராகப் போன முதல் ஆள் அவள். தற்காலிகப் பதவிதான், இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் நிரந்தரமாக்கிவிடுவார்களாம் என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். இரத்த உறவு கிடையாது. ஆனாலும் அக்காவைப் பெரியம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

நல்ல ஆங்கிலம். நடுவில் ஒரு மேற்கோள் வந்தது. பிள்ளைக் காம்பராவில் குழந்தையைப் பறிகொடுத்த, ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் சொன்னதாகப் போட்டிருந்தது. பெயரில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்.

தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "உன் பிள்ளை இறந்துவிட்டது என்று கங்காணி கீழிருந்து கத்தினார். கூடையை வீசி எறிந்துவிட்டு ஓடினேன். என் மார்பில் பால் கட்டியிருந்தது. அன்று முதல் நான் பறித்த ஒவ்வொரு தளிரிலும் என் பிள்ளையின் மூச்சு இருக்கிறது."

கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் கோபம் வந்தது.

எங்கள் பக்கத்தில், மலையில் நிற்கிறவளிடம் சாவு சொல்ல மாட்டார்கள். செங்குத்தான மலை, நடுவே தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும், கேட்ட அதிர்ச்சியில் கால் இடறினால் இன்னொரு சாவு. அதனால் கூப்பிடப் போகிறவர்கள் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். உன் அண்ணன் வந்திருக்கிறார், தொரை கூப்பிடுகிறார், இப்படி ஏதாவது. கீழே மட்டமான இடத்துக்கு இறக்கி, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள். காலையிலேயே குடித்துவிட்டு வருகிற கங்காணிகூட இந்த ஒழுங்கை மீற மாட்டான். கீழிருந்து கத்தினாராம்!

அதோடு, அக்கா ஓடவில்லை. அவள்மேல் விழுந்த பழியே அதுதான். பிள்ளை பாலுக்கு அழுகிறது, வா என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். காலையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை தூக்கத்திலேயே போயிருந்தது. அக்கா ஆற அமர இறங்கி வந்தாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் போய் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். கூட்டிவந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார்களாம். கல்நெஞ்சுக்காரி என்று மாமியார் ஆரம்பித்து வைத்தார், மேல் லயம் கீழ் லயமெல்லாம் பிடித்துக்கொண்டது. பிள்ளை செத்ததைவிட அவள் கொழுந்து நிறுத்ததுதான் பெரிய பேச்சாக இருந்தது. அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதற்கும் அதையே காரணம் சொன்னார்கள்.

நான் அப்போது கந்தப்பளையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது தொட்டில் கட்டியிருந்த சேலை துவைத்துக் கொடியில் கிடந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்க மாட்டோம். போய் உட்காருவோம், ஊற்றிக் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிப்போம், எழுந்து வந்துவிடுவோம். அப்படிப்பட்டவள் தர்ஷினியிடம் ஒரு பத்தி அளவுக்குப் பேசியிருக்கிறாளாம்.

3

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் நிம்மதி இல்லை. இல்லாத புத்தகத்தை ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டு ஆதாரம் காட்டும் கட்டுரைகள் வருகின்றன. நூலகம் நூலகமாகத் தேடிவிட்டு, அப்படி ஒன்று பிறக்கவே இல்லை என்று கண்டுபிடிப்போம். கட்டுரையை மதிப்பிட வேண்டிய பெரிய மனிதர்களிலும் சிலர் அதை எந்திரத்திடமே கொடுத்து எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். எழுதுவதும் எந்திரம், மதிப்பிடுவதும் எந்திரம் என்றால் நடுவில் நாங்கள் எதற்கு என்று ஃபியோனா ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விதி எழுத வேண்டும் என்று வந்தபோது, எந்திரத்தையே வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டு பேராசிரியர்கள் சொன்னார்கள். கூட்டங்களில் வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். ஆங்கிலம் வீட்டுப் பேச்சாக இல்லாதவர்களின் நல்ல ஆராய்ச்சி, மொழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போவதை இந்த மேசையில் எத்தனையோ முறை பார்த்தவள் நான். மொழியைச் செப்பம் செய்ய அது உதவட்டும், உதவியதை மறைக்காமல் சொல்லட்டும் என்றேன். ஃபியோனா ஒத்துக்கொண்டார். விதி அப்படியே ஆனது: மொழிக்கு உதவி வாங்கலாம், வாங்கியதைச் சொல்ல வேண்டும், தரவையும் சாட்சியையும் மேற்கோளையும் எந்திரம் உண்டாக்கக் கூடாது, பெயர் போட்டவரே ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு. தர்ஷினி போன்ற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் நான் அன்று பேசினேன். அவளுடைய பெயரையே இப்படிப் பார்க்க வரும் என்று யார் கண்டார்கள்?

ஃபியோனாவிடம் போய்ச் சொன்னேன். இந்த மேற்கோளில் இருப்பது என் அக்கா என்று நினைக்கிறேன், எழுதியவளையும் தெரியும், இந்தக் கோப்பை நான் தொடக் கூடாது. பிறகு இதையும் சொன்னேன்: இது அவள் பேச்சு இல்லை. ஃபியோனா கட்டுரையைத் திறந்து பார்த்தார். ஒரு மதிப்பீட்டாளர், அந்தத் தாயின் குரல்தான் கட்டுரையின் உயிர் என்று எழுதியிருந்தாராம். கோப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். நேர்காணலின் ஒலிப்பதிவை அனுப்பச் சொல்லித் தர்ஷினிக்குக் கடிதம் போயிற்று.

அவள் மழுப்பவில்லை. ஒலிப்பதிவு இல்லை, அந்த மேற்கோளை எந்திரம் எழுதியது என்று பதில் அனுப்பிவிட்டாள். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. விதிப்படி அவளுடைய பல்கலைக்கழகத்துக்கும் அறிவித்தார்கள். தானே ஒத்துக்கொண்டாள் என்பதை அந்தக் கடிதத்தில் ஃபியோனா சேர்த்துக்கொண்டார், ஒழுங்காகச் செய்து மீண்டும் அனுப்பினால் திறந்த மனதோடு பார்ப்போம் என்றும் அவளுக்கு எழுதினார். முடிவெடுத்த அறைக்குள் நான் இல்லை. வெளியே வந்தவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

4

சில நாள் கழித்துத் தர்ஷினி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். நிரந்தரமாக்கும் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டார்கள், விசாரணை இருக்கிறது என்றாள். சொன்னது நான்தான் என்று ஊகித்து என்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. நான்தான் கேட்டேன், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று.

"நான் போனேன் சித்தி. ரெக்கார்டர முன்னால வச்சேன். பெரியம்மா தேத்தண்ணி ஊத்துனாங்க. புள்ளையப் பத்தி எப்படிக் கேக்குறது? வாய் வரல. நானும் அந்த லயத்துப் புள்ளதானே."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மற்றத் தாய்மாரிடம் நேரம், பால், கூலி, மழை என்று நிறையப் பேசிப் பதிந்திருக்கிறாள், அதெல்லாம் உண்மை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேசாமல் இந்தக் கட்டுரைக்கு உயிர் இல்லை என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். வெளியாள் ஒருத்தி ஆராய்ச்சிக்கு வந்திருந்தால் கேட்டிருப்பாள். அக்கா சொல்லியிருப்பாளோ மாட்டாளோ, கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும். இவள் எங்கள் பிள்ளை என்பதால் கேட்கவில்லை. இந்தத் தவறை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதையை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, மொழியைத் திருத்தித் தரச் சொல்லி எந்திரத்திடம் கொடுத்திருக்கிறாள். திருத்திக் கொடுத்துவிட்டு, அந்தத் தாயின் குரலில் ஒரு மேற்கோள் சேர்க்கட்டுமா என்று அதுவே கேட்டதாம்.

"வேணுமான்னு அதுவே கேட்டுச்சு சித்தி. சரின்னு போட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும், பொறகு பெரியம்மாகிட்டயே கேட்டு மாத்திக்கலாம்னுதான் நெனச்சேன். கடைசி நாள் வந்துருச்சு."

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. அக்கா ஓடவில்லை என்பது தோட்டத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். ஓடினாள் என்பதை எப்படி விட்டு வைத்தாய்?

"ஓடலைன்னுதான் நான் குடுத்தேன். அதுதான் மாத்திருச்சு. அழிக்கத்தான் போனேன் சித்தி. அப்பறம் விட்டுட்டேன். எல்லாரும் அவங்கள அந்தப் பேச்சு பேசுறாங்க. ஓடுனாங்கன்னு ஒரு எடத்துலயாவது இருக்கட்டுமேன்னு."

இதை எந்த விதியில் வைத்துப் பார்ப்பது? விதி சரிதான், அதற்காக வாதாடியவள் நான். இன்றைக்குக் கேட்டாலும் அதே பக்கம்தான் நிற்பேன். பாவம் அந்தப் பிள்ளை என்று அன்று பூராவும் மனது அடித்துக்கொண்டது.

5

தர்ஷினி எனக்கும் அந்தக் கட்டுரையை அனுப்பியிருந்தாள். மகள் அபி வேறு நகரத்தில் படிக்கிறாள், அந்த வார இறுதிக்கு வந்திருந்தாள். அம்மா ஏன் உர்ரென்று இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, கணினியில் திறந்து கிடந்ததைப் படித்தாள். படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பெரியம்மா இவ்வளவு அழகாகப் பேசுவார்களா, எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அது பெரியம்மா பேசியதில்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனாலும் ஒரு விதத்தில் அது உண்மைதானே என்றாள். எனக்குச் சுரீரென்றது. அவளைத் திட்டவும் முடியவில்லை. தோட்டத்துக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறாள், அதில் அவளுக்கு நினைவிருப்பது அட்டை கடித்தது மட்டும். அந்தப் பிள்ளை இறந்த கதையை நானே அவளிடம் நேராகச் சொன்னதில்லை.

அக்கா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். அபிக்குத் தமிழ் முழுதாகப் பிடிபடாது. போனில் போட்டு மொழிபெயர்த்துக்கொள்வாள். அன்றைக்குத்தான் அதை எனக்குக் காட்டினாள். என் அன்பு மருமகளே, நீ நலமாக உணவருந்தினாயா என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. உறவே தவறு, எங்கள் முறையில் தங்கை மகள் அக்காவுக்கு மகள்தான், மருமகள் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன். "அடியே கழுத, சோறு தின்னியா? எலும்பும் தோலுமா இருக்கியாம்ல" என்று அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அந்தக் கழுதை என் மகளிடம் வந்து சேரவே இல்லை. அபியிடம் அர்த்தம் சொன்னேன். சிரித்தாள். பிறகு மறுபடி போடச் சொல்லி இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமையே தர்ஷினி தோட்டத்துக்குப் போய் அக்காவின் காலில் விழுந்திருக்கிறாள். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னாள். இங்கே காலை, அங்கே பின்னேரம். போன் படத்தில் லயத்துக் காம்பரா, அடுப்புப் பக்கம் அக்கா, சுவரோரம் முகம் வீங்கிய தர்ஷினி. அபியும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்னமோ நான் சொன்னேன்னு எழுதிட்டாளாம். வேல போயிருமாம். அழுதுக்கிட்டே இருக்கா. அப்படி நான் என்னதான் சொன்னேனாம்? படிக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

எந்திரம் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள் தர்ஷினி. கங்காணி கத்தியது வந்தபோது அக்கா முகம் சுளித்தாள். கூடையை வீசிவிட்டு ஓடினேன் என்ற இடத்தில் தர்ஷினிக்குக் குரல் உடைந்துவிட்டது. அக்கா கேத்தலை எடுத்து மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினாள். மூன்றாவது யாருக்கு என்று தெரியவில்லை, எனக்காக இருக்கலாம். அவ்வளவுதான், இனி எழுந்து போகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஓடலையே நான்" என்றாள்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"புள்ள பாலுக்கு அழுவுதுன்னு வந்து கூப்புட்டாங்க. அப்பத்தான் பால் குடுத்துட்டு மலைக்கு ஏறியிருந்தேன். நேரங்கெட்ட நேரத்துல கூப்புட்டா என்னான்னு தெரியாதா? நானும் எத்தன பேர அப்படிச் சொல்லி எறக்கிக் கூட்டியாந்திருக்கேன். தெரிஞ்சிருச்சு. காம்பராவுக்குப் போயிப் பாத்தாத்தானே இல்லைன்னு ஆகும். போற வரைக்கும் புள்ள இருக்கும்ல. அதான் மெதுவா வந்தேன். நிறுவைக்கும் போயி நின்னேன். வரிச இன்னுங் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்."

தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் இங்கே அழுதேன். அபி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டபடி இருந்தாள். போனில் போட்டுப் பார்க்க வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். சொல்ல எனக்கு வெகு நேரமாயிற்று.

தர்ஷினி ஒருவழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக அக்காவிடம் கேள்வி கேட்டாள். பெரியம்மா, இதை நான் எழுதலாமா? நானும் ஊர்ப் பத்திரிகைக்கு இப்படிக் குறிப்புகள் எழுதுகிறவள் என்பது அக்காவுக்குத் தெரியும். போனை உற்றுப் பார்த்தாள். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள்.

"மாமியாரும் போய்ச் சேந்துருச்சு, எங்க வீட்டு மனுசனும் போயிட்டாரு. இனி யாரு என்னத்தச் சொல்லப் போறா? ரெண்டு பேரும் எழுதிக்கங்க. ஓடுனேன்னு மட்டும் எழுதாதீங்க."